ஹீட்டிங் எலிமென்ட்: ‘கனலி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரம் பாய்ந்ததும் சூடேறி வெப்பம் தரும் பாகமான ‘ஹீட்டிங் எலிமென்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் எது என்ற பேச்சுக்கு என் பதில் இது. ‘வெப்பத் தனிமம்’ வேண்டவே வேண்டாம். தனிமம் என்றதும் மாணவருக்கு இரும்பும் நிக்கலும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘வெப்பக் கம்பிச்சுருள்’ தெளிவான சொல்தான்; இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் சரி. ஆனால் உயர்வெப்ப உலைக்கு அது பொருந்தாது.

உலைக்கு எலிமென்ட் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்பது வெப்பநிலை. நிக்ரோம், அதாவது நிக்கல்-குரோமியக் கலவை, சுமார் 1200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சுவீடனில் உருவான கந்தால் வகை, அதாவது இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை, 1400 வரை போகும். இவை கம்பியாகவோ பட்டையாகவோ வரும். அதற்கு மேல் சிலிக்கன் கார்பைடு தண்டு. இன்னும் மேலே, 1700ஐத் தாண்டினால், மாலிப்டினம் டைசிலிசைடு. அது கொண்டை ஊசி போல வளைந்து உலையின் கூரையிலிருந்து தொங்கும். இந்த இரண்டிலும் கம்பியே கிடையாது!

அதனால் ‘கனலி’ என்பது என் முன்மொழிவு. சூரியனுக்கும் தீக்கும் வழங்கிய பழஞ்சொல் அது. கனலுதல் என்றால் தணலாகத் தகிப்பது; மின்தடையால் சூடேறும் பொருள் செய்வதும் அதைத்தான். வடிவத்தை முன்னால் சேர்த்தால் கம்பிக் கனலி, பட்டைக் கனலி, தண்டுக் கனலி, கொண்டை ஊசிக் கனலி என எல்லாம் கிடைத்துவிடும். ‘சூடாக்கி’யை முழுக் கருவிக்கு விட்டுவிடலாம்.

அப்புறம், ‘ஏஜிங்’ என்பதற்கு ‘மூப்பு’ போதும். சிலிக்கன் கார்பைடு தண்டின் மின்தடை பயன்படுத்தப் பயன்படுத்த ஏறிக்கொண்டே போகும். பக்க இணைப்பில் ஒரு தண்டு உடைந்து, பழையவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்றை மாட்டினால், தடை குறைந்த அந்தப் புதுத் தண்டுதான் அதிக மின்னோட்டத்தை இழுத்து மற்றவற்றைவிடச் சூடாகும். அதனால்தான் ஒரு தொகுதியை மொத்தமாக மாற்றுகிறார்கள், அல்லது ஒத்த தடையுள்ள பழைய தண்டைத் தேடிப் போடுகிறார்கள். ‘மூப்பொத்த கனலிகளை இணைக்கவும்’ என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ‘முதுமை’ என்றால் இந்தச் சுருக்கம் வராது.

‘சர்பேஸ் லோட்’ இன்னும் பாக்கி. ஒரு சதுர செ.மீ. பரப்பு எத்தனை வாட் வெளிவிடுகிறது என்ற கணக்கு அது. கனலியின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. ‘பரப்புச்சுமை’ என்றால் எடை என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். ‘பரப்புத்திறன்’ எப்படி? மின்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.