பாரதியின் ‘புயற்காற்று’: பிழைத்தவன் நன்றி சொல்லலாமா?

கடற்கரையான்:
‘புயற்காற்று’ பாட்டை மறுபடி படித்தேன். நள வருடம் கார்த்திகை 8, புதன் இரவு என்று பாரதியே தேதி குறித்திருக்கிறார். அதாவது 1916 நவம்பர் 22, அவர் புதுச்சேரியில் இருந்த காலம். புயலுக்கு நடுவே ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். “வானம் சினந்தது, வையம் நடுங்குது” வரை அபாரம். கடைசியில் “நம்மைக் காத்தது தெய்வ வலிமை யன்றோ” என்று மனைவி முடிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அப்படியென்றால் அன்றிரவு பிழைக்காதவர்களைத் தெய்வம் கைவிட்டதா? இயற்கை முன்னால் மனிதன் எவ்வளவு சிறியவன் என்று தொடங்கிய பாட்டு, பக்தியில் போய் ஒதுங்கிவிடுகிறது.

நெய்தல்:
முந்தைய வரிகளை விட்டுவிட்டீர்களே. “நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்?” அவர்கள் பிழைத்தது திறமையால் இல்லை, ஒரு நாள் முன்னால் வீடு மாறியதால். மனிதனின் நிராதரவை இதைவிட நேராக எப்படிச் சொல்வது? சாரல் கதவைத் துளைத்துப் படுக்கைவரை அடிக்கிறது, குழந்தைகளை நினைத்துக் கணவன் பதறுகிறான். அந்த நேரத்தில் மனைவியின் வாயில் வேறு என்ன வரும்?

கடற்கரையான்:
மனைவியின் பேச்சு, பாரதி பேச்சில்லை என்கிறீர்கள். சரி, அடுத்த பாட்டு ‘பிழைத்த தென்னந்தோப்பு’. அங்கே மனைவி இல்லை. ஊரெங்கும் மரங்கள் விழுந்துகிடக்க, வறியவன் ஒருவனின் சிறு தோப்பை மட்டும் வாயு பொறுத்துவிட்டான் என்கிறார். காற்றுக்கு ஏழை, பணக்காரன் தெரியுமா?

கொண்டல்:
அந்தத் தோப்பிலும் “வீழ்ந்தன சிலவாம்” என்று எழுதியிருக்கிறார், அதையும் பாருங்கள். அப்புறம் காற்றைப் பற்றிய அவருடைய வசன கவிதை. நொய்ந்த வீடு, நொய்ந்த கதவு, நொய்ந்த கூரை எல்லாவற்றையும் காற்று நொறுக்கிவிடும், சொன்னாலும் கேட்காது. ஆகவே வீடுகளைத் திண்மையாகக் கட்டுவோம் என்கிறார். அங்கே காற்று யாருக்கும் இரக்கம் காட்டவில்லை.

கடற்கரையான்:
வசன கவிதை எனக்கும் உயிர். ஆனால் அதை வைத்து இந்தப் பாட்டுக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம்.

நெய்தல்:
முட்டு தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்தபோது நாங்கள் கடலூரில் இருந்தோம். “சாமிதான் காப்பாத்துச்சு” என்றுதான் பாட்டியும் சொன்னார். சொல்லிவிட்டு, கூரை போன பக்கத்து வீட்டாருக்குச் சோறு பொங்கினார். நன்றி சொன்னவர் மற்றவர்களை மறந்தவர் ஆகிவிட மாட்டார்.

கடற்கரையான்:
உங்கள் பாட்டியிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார். இந்த மனைவியோ “நம்மை” என்பதோடு நின்றுவிடுகிறாள். அடுத்த வீட்டுக்காரருக்காக ஒரு வரியாவது பாரதி எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.