உலோகக் கிளைகளின் ஃபிராக்டல் பரிமாணம்: எந்த அளவுப் பெட்டிகளை நம்புவது?

நண்பர்களுக்கு வணக்கம். துத்தநாக சல்பேட் கரைசலில் மின்னோட்டம் செலுத்தி வளர்த்த உலோகக் கிளைகள் எவ்வளவு சிக்கலானவை என்பதை ஃபிராக்டல் பரிமாணத்தால் (ஒரு வடிவம் தளத்தை எவ்வளவு நிரப்புகிறது என்று சொல்லும் எண்; கோட்டுக்கு 1, முழுதும் நிரம்பிய பரப்புக்கு 2) அளக்க முயல்கிறேன். படத்தின்மேல் கட்டம் போட்டு, கிளை தொடும் பெட்டிகளை எண்ணி, பெட்டி சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்று காட்டும் மடக்கை வரைபடத்தின் சாய்வைப் பார்க்கிறேன்; அந்தச் சாய்வுதான் பரிமாணம். 1981இல் இயற்பியலாளர்கள் விட்டனும் சாண்டரும் முன்வைத்த, தாறுமாறாக அலையும் துகள்கள் ஒட்டி ஒட்டி வளரும் திரள் மாதிரிக்கு, இரு பரிமாணத்தில், இது ஏறக்குறைய 1.71.

சிக்கல் இதுதான். கிளையின் தடிமனைவிடப் பெட்டி சிறிதானால் சாய்வு 2ஐ நோக்கி ஏறுகிறது. மிகப் பெரிய பெட்டிகளிலும், கிளை தொடாத காலிப் பெட்டியே இல்லாததால், அதே கதை. நடுவே எஞ்சும் நேர்க்கோடு மிகவும் குறுகியது. அதைக் கொண்டு ஒரு எண்ணைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது எது கிளை, எது பின்னணி என்று பிரிக்கும் வரம்பைச் சற்று நகர்த்தினாலும் விடை நகர்ந்துவிடுகிறது.

நடுப்பகுதியின் எல்லைகளை எப்படி முடிவு செய்கிறீர்கள்? மையத்திலிருந்து ஆரம் கூடக்கூட நிறை எப்படிக் கூடுகிறது என்று பார்க்கும் முறை இதற்கு மேலானதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.