ஆப்கான்ல ஒழுக்கத்துக்குன்னு ஒரு அமைச்சர், அவருக்கு என்னதான் வேலை?

மணி77:
தாலிபான் அரசுல காலித் ஹனஃபின்னு ஒருத்தர் 'நன்மையை ஏவி தீமையைத் தடுக்கிற' துறைக்கு அமைச்சரா இருக்காரு. சுகாதாரத்துறைன்னா ஆஸ்பத்திரி பாப்பாங்க, புரியுது. இவர் காலைல ஆபீஸ் போய் என்ன பண்ணுவாரு? பவர் இருக்கா, இல்ல காந்தஹார்ல இருந்து தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா சொல்றத வாசிக்கிற ஆளுதானா?

வழிப்போக்கன்:
உத்தரவு காந்தஹார்ல இருந்துதான் ப்ரோ, ஆனா அதை வீடு வீடா கொண்டு போறது இவரு. 2021 செப்டம்பர்ல காபூல்ல பெண்கள் அமைச்சகம் இருந்த பில்டிங்கையே இவங்களுக்குக் குடுத்து போர்டை மாத்திட்டாங்க. 2022 மே மாசம் பொண்ணுங்க முகத்தை மூடணும்னு உத்தரவு வந்துச்சுல்ல, அதுல மாட்டுறது வீட்டு ஆம்பளைதான். மொதல்ல வீடு தேடி வந்து எச்சரிக்கை, அப்புறம் நேர்ல வரச்சொல்லி விசாரணை, அடுத்தது 3 நாள் ஜெயில். அப்பனையும் அண்ணனையும் சம்பளமில்லாத போலீஸாக்கிட்டாங்க, இதுல தான் சூட்சுமமே இருக்கு.

ஜன்னலோரம்:
அதே கதைதான் கடைக்காரங்களுக்கும். 2022 ஜனவரில ஹெராத் நகரத்துல துணிக்கடை பொம்மைங்க தலையை எடுக்கச் சொன்னாங்க, ரம்பம் வச்சு தலையை அறுக்குற வீடியோவே சுத்துச்சு. காபூல்ல கடைக்காரங்க பொம்மை வீணாப் போயிடும்னு புலம்பி, கடைசில தலையை மட்டும் மூடுனா போதும்னு ஆச்சு. சிலர் பிளாஸ்டிக் கவர் மாட்டுனாங்க, சிலர் பொம்மை போட்டிருக்கிற கவுன் துணிலயே மேட்சிங்கா முக்காடு தைச்சு மாட்டிட்டாங்க, யாவாரம் ஓடணுமே!

நாகூர்பையன்:
ஒரு விஷயம் சொல்லிக்கிறேன், நன்மையை ஏவுறதுங்கிறது குர்ஆன்ல வர்ற வார்த்தை, நாங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைல எப்பவும் கேக்குறது. அந்தக் காலத்துல முஹ்தசிப்னா சந்தைல எடைக்கல்லு சரியா, பால்ல தண்ணி கலக்குறானான்னு பாக்குற ஆளு. இப்ப அதே பேர்ல இவங்க ஆளுங்க தாடி அளக்குறாங்க. 2024 ஆகஸ்ட்ல வெளிவந்த சட்டத்துல 35 பிரிவு, தாடி ஒரு பிடிக்குக் குறையக்கூடாது, மஹ்ரம், அதாவது அப்பா, அண்ணன் மாதிரி நெருங்கின ஆண் உறவு, கூட இல்லாத பொண்ணை டிரைவர் ஏத்தக்கூடாது, பொண்ணுங்க குரலே அவ்ரத்து, அதாவது மறைக்க வேண்டியதுன்னு போட்டிருக்கு. கோர்ட்டுக்குப் போகாமலே 3 நாள் வரைக்கும் உள்ள வைக்க முஹ்தசிபுக்கே அதிகாரம். எடைக்கல்லு பாத்தவன் கைல ஜெயில் சாவி, எனக்கு இதை மார்க்கம்னு ஏத்துக்க மனசு வரல.

மணி77:
நன்றி பாய், முஹ்தசிப் மேட்டர் தெரியாது. அப்ப தாலிபான்தான் இந்தத் துறையை ஆரம்பிச்சுதா?

வழிப்போக்கன்:
இல்ல, தாலிபானுக்கு முன்னாடி 1992ல அதிபர் ரப்பானி ஆட்சிலயே இருந்துச்சு, 96க்கு அப்புறம் தாலிபான் கைல போய்தான் சவுக்கோட தெருவுக்கு வந்துச்சு. இப்ப ஐரோப்பிய யூனியன் 2023 மார்ச்ல ஹனஃபி மேல தடை போட்டிருக்கு. அதுக்கப்புறம் அதே வருஷம் ஜூலைல பியூட்டி பார்லர் எல்லாத்தையும் மூடவச்சாரு, அந்தத் தடையை எவ்வளவு மதிக்கிறாருன்னு நீங்களே பாத்துக்கங்க.