பைன் மரத்துப் பிசின் கட்டிக்குள் புழு: மரத்தைத் தறிக்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். கலிபோர்னியாவில் என் தம்பியின் வீட்டு முற்றத்தில் ஒரு மொன்டரே பைன் நிற்கிறது. கூரையில் முட்டிய கொப்புகளை அவன் ஈராண்டுக்கு முன் ஜூன் மாதத்தில் வெட்டினான். அந்த வெட்டுவாய்களில் தேசிக்காய் அளவில் பிசின் திரண்டிருப்பதை இப்போது படமெடுத்து அனுப்பியிருக்கிறான். ஒன்றைக் கிளறியபோது அழுக்கு வெள்ளை நிறப் புழு ஒன்று நெளிந்ததாம். மரம் பட்டுவிடும், தறித்துவிடு என்கிறார்கள் அயலவர்கள். அம்மா அங்கே போயிருந்த நாட்களில் பின்னேரம் முழுவதும் அமர்ந்திருந்த நிழல் அது, காப்பாற்ற வழியுண்டா?

தெஹிவளை, பூச்சியியல் மாணவன்:
அக்கா, தறிக்க வேண்டாம் என்று தம்பியிடம் உடனே சொல்லுங்கள். நீங்கள் விவரிப்பது செக்கோயா பிசின் அந்துப்பூச்சியின் அடையாளம். 1881இல் ஹென்றி எட்வர்ட்ஸ் பெயரிட்ட இப்பூச்சி வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது. பெயரில் செக்கோயா என்ற மரம் இருந்தாலும் பெரிதும் தாக்குவது பைன் மரங்களையே. கண்ணாடி போன்ற சிறகும் மஞ்சள் கறுப்பு வரியும் உடையதால் பார்ப்பவர்கள் குளவி என்றே எண்ணுவார்கள். பெண் பூச்சி பட்டையின் காயங்களைத் தேடி முட்டையிடுகிறது. புழு பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைக் குடைய, மரம் பிசினைச் சுரக்கிறது, அந்தப் பிசினுக்குள்ளேயே புழு ஓரிரு ஆண்டுகள் வளர்கிறது. மரத்தின் நடுத்தண்டுக்குள் அது ஆழமாக இறங்குவதில்லை என்பதால், பார்வைக்கு அச்சமூட்டினாலும் வளர்ந்த மரம் இதனால் பட்டுப்போவது அரிது.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி. மருந்து தெளிக்கலாமா?

தெஹிவளை, பூச்சியியல் மாணவன்:
பயனில்லை, பிசினே புழுவுக்குக் கவசமாக இருக்கிறது. கத்தியால் கட்டியைச் சுரண்டி எடுத்துப் புழுவை நசுக்குவதே போதும், ஆனால் நல்ல பட்டையில் கத்தி படக்கூடாது, ஏனெனில் புதுக் காயம் அடுத்த பூச்சியை அழைக்கும். கோடையில் வெட்டியதுதான் தவறு. அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பூச்சி பறக்காத காலத்திலேயே கொப்பு வெட்ட வேண்டும். பழைய கட்டிகள் பல ஆண்டுகள் ஒட்டியிருக்கும் என்பதால், எல்லாவற்றையும் அகற்றினால்தான் புதியது வருவது கண்ணுக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை:
ஒரு சிறு குறிப்பு. நம் மலையகத்துப் பைனஸ் தோட்டங்களில் பால் எடுப்பதற்காகச் சீவிய இடங்களில் பிசின் வழிவதைக் கண்டு இதே பூச்சி என்று எவரும் கலங்க வேண்டாம். தேயிலையிலும் கோப்பியிலும் கிளையைக் குடையும் சிவப்புத் துளைப்பானும் அந்துப்பூச்சியின் புழுதான்; ஆனால் அது பிசினை அல்ல, உருண்டை உருண்டையான கழிவையே துளைவழி வெளியே தள்ளும்.

வெள்ளவத்தை வாசகி:
தம்பி நேற்று நான்கு கட்டிகளைச் சுரண்டினான். மூன்றில் புழு இருந்தது. நான்காவதில் பழுப்புநிற வெறுங்கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்த பூச்சி பறந்துவிட்டது போலும். மீதிக் கொப்புகளை நவம்பரில் வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.