பிளாஸ்ட் (முதிராத ரத்தச் செல்) சின்னதாக இருந்தால் ஏ.எல்.எல். (லிம்பாய்டு வகை ரத்தப் புற்றுநோய்) என்று சொல்லிவிடலாமுங்களா?

ஈரோட்டு_டெக்னீசியன்:
லேபில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதுங்க. நேற்று வந்த ஒரு ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தில்) எங்கே பார்த்தாலும் பிளாஸ்ட், எல்லாம் சின்னச் செல், உட்கருவே செல்லை நிறைத்துக்கொண்டு நிற்கிறது, துகள் ஒன்றுகூட இல்லை. "ஏ.எல்.எல். மாதிரி" என்று நோட்டில் எழுதிவைத்தேன். மேடம் எம்.பி.ஓ. சாயம் (மைலாய்டு செல்லைக் காட்டும் சாயம்) போடச் சொன்னார், பாசிட்டிவ், அதாவது மைலாய்டு வகையான ஏ.எம்.எல். பக்கம்! இரண்டையும் பார்வையிலேயே பிரிக்க வழி இருக்குதுங்களா?

பழைய_மைக்ரோஸ்கோப்:
அம்மிணி, வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்1 வகை பிளாஸ்ட் (ஏ.எம்.எல்.லை எம்0 முதல் எம்7 வரை எண் போட்டுப் பிரிப்பார்கள்) லிம்போபிளாஸ்ட், அதாவது ஏ.எல்.எல். பிளாஸ்ட், மாதிரியே ஏமாற்றும். நம்பக்கூடியது ஆவர் ராட் ஒன்றுதான், சைட்டோபிளாசத்தில் செந்நிற ஊசி மாதிரி கிடக்கும். ஒன்று கண்ணில் பட்டாலே மைலாய்டு. படவில்லை என்றால் லிம்பாய்டு என்று அர்த்தமில்லை, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். பெரிய செல்லெல்லாம் ஸ்மியரின் வால் பக்கமும் ஓரத்திலும் போய் ஒதுங்கும், அங்கேயும் தேடு. எம்.பி.ஓ.வில் 3% பிளாஸ்ட் பிடித்தாலே மைலாய்டு என்பது கணக்கு. ஆனால் எம்0, எம்7 இரண்டிலும் அதுவும் கைவிட்டுவிடும்.

கோவை_பேத்தாலஜி:
அண்ணன் சொன்னது சரி, எம்3யை மட்டும் விட்டுவிட்டார். ஒரே செல்லுக்குள் ஆவர் ராட் சோளத்தட்டுக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடந்தால் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே டாக்டருக்கு போன் போடுங்கள். ரத்தம் உறைவது குழம்பி மூளையில் கசிந்தே ஆள் போய்விடலாம், ஜீன் டெஸ்ட் வரும்வரை காக்காமல் சந்தேகத்திலேயே ஆட்ரா (எம்3க்கான வைட்டமின் ஏ வகை மருந்து) மாத்திரை தொடங்குவார்கள். துகள் தெரியாத எம்3யும் உண்டு, உட்கரு இரட்டைப் பருப்புக் கடலைக்காய் மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும், மோனோசைட் (ஒருவகை வெள்ளணு) என்று தள்ளிவிடுவோம்.
அப்புறம், இந்த எம், எல் எண்ணெல்லாம் 1976இல் தொடங்கிய எஃப்.ஏ.பி. (பிரெஞ்சு-அமெரிக்க-பிரிட்டிஷ்) வகைப்பாட்டு முறை. அதில் ஏ.எம்.எல். என்று சொல்ல பிளாஸ்ட் 30% வேண்டும், 2001இல் உலக சுகாதார நிறுவனம் 20% ஆக்கியது. ஏ.எல்.எல்.லை எல்1, எல்2 என்று இப்போது யாரும் பிரிப்பதில்லை. கடைசி வார்த்தை ஃப்ளோ டெஸ்ட்டும் (செல்லின் புரதக் குறிகளைப் பார்ப்பது) ஜீன் டெஸ்ட்டும்தான்.

ஈரோட்டு_டெக்னீசியன்:
இன்றைக்கு வால் பக்கம் முக்கால் மணி நேரம் தேடினேன். ஒரே ஒரு செல்லில் ஒரே ஒரு ஊசி. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேனுங்க.