முகாம் விளக்கு 40 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, சார்ஜரைச் செருகினால்தான் மறுபடி எரிகிறது (அவசரம்)

கூடாரவாசி:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் யோசனை கேட்டு நான் போட்ட இழை ஞாபகம் இருக்கலாம். கூடாரத்தில் தொங்கவிடும் ரீசார்ஜ் விளக்கு. நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து முடித்துவிட்டேன். மேலே கொக்கி, அடியில் காந்தம், பால் நிற டப்பா, எல்லாம் இருக்கிறது. பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முழு சார்ஜ் போட்டு எரியவிட்டால் 40 நிமிடத்தில் படக்கென்று அணைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கவில்லை, ஒரே அடியாகப் போகிறது. அப்புறம் சுவிட்சை எத்தனை தடவை தட்டினாலும் பலனில்லை. சார்ஜர் வயரை ஒரு நொடி செருகி எடுத்தால் எரிகிறது, இரண்டு நிமிடத்தில் திரும்பவும் போய்விடுகிறது. கணக்குப்படி ஆறரை மணி நேரம் வரவேண்டும். சனிக்கிழமை கிளம்புகிறோம். எதை மாற்றுவது?

சால்டர்புகை:
என்ன செல், எத்தனை, என்ன சார்ஜிங் போர்டு, என்ன எல்இடி? ஆறரை மணி நேரம் எந்தக் கணக்கில் வந்தது? கொக்கியும் காந்தமும் விளக்கை அணைக்காது, அதனால் மீதியைச் சொல்லுங்கள்.

வெப்பக்கடத்தி:
எல்இடி சூடாகி அணைகிறது. சந்தேகமே வேண்டாம். மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் காற்று எங்கே போகும்? பின்னால் ஒரு அலுமினியத் தகடு ஒட்டுங்கள். நான் முதலில் செய்த விளக்கில் டப்பாவே வளைந்துபோனது.

ஆறாம்பின்:
சூட்டில் எல்இடி மங்கும், இப்படிப் படக்கென்று போகாது. மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து சுவிட்ச் செய்திருக்கிறீர்களா? ஐஆர்எஃப்540 மாதிரி ஒன்று என்றால் அதைத் திறக்கும் முனையான கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். ஒரே ஒரு லித்தியம் செல் தரும் 3.7 வோல்ட்டில் அது அரைகுறையாகத்தான் திறக்கும். குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும் ஏஓ3400 போடுங்கள்.

வோல்ட்மாமா:
தம்பி, போன இழையில் கொக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். மின்சுற்றைப் பற்றி ஒரே ஒரு பதில் வந்தது. அதை எழுதியவன் நான். படித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

கூடாரவாசி:
மாஸ்ஃபெட் இல்லை, சாதாரண சுவிட்ச்தான். செல் 18650 (உருளை வடிவ லித்தியம் செல்) ஒன்று, 2600 மில்லியாம்ப் மணி. போர்டு எல்லோரும் போடும் அந்த நீலப் போர்டு. எல்இடி ஸ்ட்ரிப் 400 மில்லியாம்ப் எடுக்கிறது, மீட்டரில் அளந்தேன். 2600ஐ 400 ஆல் வகுத்தால் ஆறரை.

சால்டர்புகை:
ஸ்ட்ரிப் 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? 400ஐ எந்த இடத்தில் அளந்தீர்கள்?

கூடாரவாசி:
12 வோல்ட், ஒரு மீட்டர் நீளம். நடுவில் செல்லின் வோல்ட்டேஜை 12க்கு ஏற்றும் ஒரு பூஸ்ட் மாட்யூல் இருக்கிறது, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்ட்ரிப் பக்கம்தான் அளந்தேன். செல் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்தது.

வோல்ட்மாமா:
மொத்த வியாதியும் அந்தப் பூஸ்டில் இருக்கிறது, அதைத்தான் விட்டுவிட்டீர்கள்.

சால்டர்புகை:
சரி, இப்போது விஷயம் புரிகிறது. 12 வோல்ட்டில் 400 மில்லியாம்ப் என்றால் 4.8 வாட். பூஸ்ட் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், செல்லிலிருந்து ஏறக்குறைய 5.6 வாட் போகிறது என்று வையுங்கள். 3.7 வோல்ட்டில் அது ஒன்றரை ஆம்ப். மில்லியாம்ப் மணியை வேறொரு வோல்ட்டேஜில் அளந்த மில்லியாம்பால் வகுக்க முடியாது. வாட் மணியில் போடுங்கள்: 2.6 பெருக்கல் 3.7, சுமார் 9.6. அதை 5.6 ஆல் வகுத்தால் புது செல்லுக்கே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு உள்ளேதான்.

இன்னொன்று, செல்லின் வோல்ட்டேஜ் இறங்க இறங்க அதே 12 வோல்ட்டைக் கொடுக்க பூஸ்ட் அதிக ஆம்ப் இழுக்கும். 3 வோல்ட் வந்தால் கிட்டத்தட்ட 1.9. பழைய செல்லின் உள் தடை கூடியிருக்கும், அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் இன்னும் சரியும், பூஸ்ட் இன்னும் இழுக்கும். கடைசிச் சில நொடிகளில் சறுக்குமரம் மாதிரி இறங்கிவிடும். அதனால்தான் மங்காமல் படக்கென்று போகிறது. நீலப் போர்டில் சார்ஜ் செய்யும் டிபி4056 ஐசி பக்கத்திலேயே டிடபிள்யூ01 என்ற காவல்கார ஐசி இருக்கும். வோல்ட்டேஜ் சுமார் 2.4க்குப் போனால் அது பூட்டிக்கொள்ளும், சார்ஜரைச் செருகும்வரை திறக்காது.

ஒரு சோதனை செய்யுங்கள். அணைந்தவுடன் எதையும் கழற்றாமல் மீட்டரை முதலில் செல்லின் இரு முனையில் வையுங்கள், பிறகு போர்டில் அவுட் என்று போட்டிருக்கும் இடத்தில் வையுங்கள்.

மஞ்சள்வெளிச்சம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்ட்ரிப் வெள்ளையா மஞ்சளா? வெள்ளை என்றால் ஆறரை மணி நேரம் எரியாததே நல்லது, பூச்சி எல்லாம் கூடாரத்துக்குள் வந்துவிடும். 2700 கெல்வின், அதாவது மஞ்சள் போடுங்கள்.

ஆறாம்பின்:
எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்ட கிடையாது, பூச்சி எங்கிருந்து வரும்? அதே வாட்டுக்கு மஞ்சளில் வெளிச்சம் குறைவு. பேட்டரி போதவில்லை என்று அழுகிறவரிடம் போய் மஞ்சள் போடச் சொல்கிறீர்களே.

மஞ்சள்வெளிச்சம்:
புற ஊதா மட்டுமா, நீல வெளிச்சத்துக்கும் வரும். வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதானே? 6500 கெல்வின் வெள்ளையில் அந்த நீலம் நிறையவே வெளியே வரும். ராத்திரி அதன் கீழே உட்கார்ந்து பாருங்கள், முகமெல்லாம் பிணக்களை தட்டும்.

ஆறாம்பின்:
முகாமுக்குப் போவது முகம் பார்க்கவா?

வெப்பக்கடத்தி:
எந்த நிறம் போட்டாலும் தகடு ஒட்டுங்கள்.

வேறுசெல்:
பழைய லேப்டாப் செல்லைக் கட்டி அழாமல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு மாறுங்கள். ஆயுளும் அதிகம், தீ பயமும் குறைவு.

வோல்ட்மாமா:
மாறுவார். அப்புறம் அதே நீலப் போர்டில் செருகுவார். அது 4.2 வோல்ட் வரை ஏற்றும். எல்எஃப்பிக்கு 3.65தான் எல்லை. அரை யோசனை சொல்லிவிட்டு நடையைக் கட்டாதீர்கள்.

கூடாரவாசி:
அளந்துவிட்டேன். செல்லில் 3.4, அவுட்டில் 0.

சால்டர்புகை:
பூட்டிக்கொண்டதேதான். பாரம் போனதும் செல் 3.4க்கு எழும்பிவிட்டது, போர்டு இன்னும் திறக்கவில்லை. செல்லுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அந்த இழுப்புக்கு அதனால் கொடுக்க முடியவில்லை.

என் யோசனை, ஸ்ட்ரிப்பையும் பூஸ்டையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி தொடராக இருக்கும், ஆளுக்கு சுமார் 3 வோல்ட். மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகிப் போகிறது. கஷ்டப்பட்டு வோல்ட்டேஜை ஏற்றி, அதில் கால் பங்கை எரிக்கிறீர்கள். அதற்குப் பதிலாக நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் வரும் ஒற்றை எல்இடி, கூடவே ஒரு ஏஎம்சி7135 ஐசி. அது 350 மில்லியாம்பில் நிறுத்தி வைக்கும், செல்லிலிருந்து நேராகவே ஓடும். கூடாரத்துக்குள் 100 லூமன் தாராளம், அது வந்துவிடும். 2600 உண்மையிலேயே இருந்தால் ஏழு மணி நேரம் கிட்டத்தட்ட. வயரை அவுட்டில் மட்டும் சால்டர் செய்யுங்கள். செல் சேரும் பி பிளஸ், பி மைனஸில் வைத்தால் காவல்காரனைத் தாண்டிக்கொண்டு போனதாகிவிடும்.

வெப்பக்கடத்தி:
அலுமினியத் தகடு. நான் என்ன சொன்னேன்?

வேறுசெல்:
அவ்வளவு நேரம் போதாது என்றால் இரண்டு செல்லை இணையாக வைக்கலாமே?

சால்டர்புகை:
வைக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே வோல்ட்டேஜில் இருக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். ஒன்று 4.1, ஒன்று 3.3 என்று சேர்த்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். பழையதையும் புதியதையும் ஜோடி சேர்க்கவே வேண்டாம்.

கூடாரவாசி:
எல்இடியும் 7135ம் மாற்றிவிட்டேன். நேற்று 3 மணி 20 நிமிடம் வந்தது. கடைசியில் மெல்ல மங்கித்தான் போனது. காலையில் கிளம்புகிறோம், எல்லோருக்கும் நன்றி!

சால்டர்புகை:
3 மணி 20 நிமிடம், 350 மில்லியாம்ப் என்றால் ஏறக்குறைய 1170. அந்த 2600 செல்லில் பாதிகூட மிச்சமில்லை. புது செல் போட்டீர்களா, அதே செல்லோடு கிளம்பிவிட்டீர்களா?

வோல்ட்மாமா:
கிளம்பியிருப்பார். டார்ச் ஒன்று கூட எடுத்துப் போனாரா என்று கேளுங்கள்.

மஞ்சள்வெளிச்சம்:
புது எல்இடி வெள்ளையா மஞ்சளா?