யூவி டிடிஎஃப் ஃபிலிமில் எழுத்து மங்கினால் எங்கிருந்து தேடுவது? – அனுபவப் பகிர்வு

பகிர்வு 1

யூவி ஒளியில் உறையும் மையால் பசையுள்ள ஃபிலிமில் அச்சிட்டு, பொருள்களின்மேல் ஒட்டும் ஸ்டிக்கர்களைச் செய்வதுதான் யூவி டிடிஎஃப். அப்படிச் செய்ததில் சிறிய எழுத்துகளின் ஓரம் இரட்டையாகத் தெரிகிறது என்று ஒரு வாடிக்கையாளர் ஸ்டிக்கர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். உடனிருந்தவர்கள் ஹெட் கிளீனிங் போடச் சொன்னார்கள், அதாவது மையைத் துளிகளாக விழச்செய்யும் ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். இந்தத் தொழிலில் எந்தக் கோளாறுக்கும் முதலில் நீட்டப்படும் மருந்து அதுதான். ஆனால், ஹெட்டின் மைத் துளைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று கோடுகளை அச்சிட்டுப் பார்க்கும் நாசில் செக்கில் ஒரு கோடுகூட விடுபடாமலும் சாயாமலும் இருக்கும்போது கிளீனிங் போட்டால் மை வீணாகுமே தவிர வேறு பயன் இராது. அதனால் அதே கோப்பை, ஹெட் ஒரு பக்கமாக நகரும்போது மட்டும் மை விழும்படி ஒற்றைத் திசையில் அச்சிட்டுப் பார்த்தேன். எழுத்து கூர்மையாக வந்தது. ஹெட் போகும்போது விழும் துளியும் திரும்பும்போது விழும் துளியும் ஒன்றன்மேல் ஒன்று அமையவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இருதிசை அலைன்மென்ட்டைத் திருத்திய பிறகு ஃபிலிமின் நடுப்பகுதி தெளிவடைந்தது. ஓரங்கள் மட்டும் மங்கலாகவே இருந்தன. துளி ஹெட்டை விட்டு ஃபிலிமைத் தொடுவதற்குள் ஹெட் நகர்ந்துகொண்டே இருப்பதால், இடைப்பட்ட உயரம் கூடினாலோ குறைந்தாலோ துளி விழும் இடமும் தள்ளிப்போகும். மேசையின் ஓரத்தில், ஃபிலிமை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் துளைகள் அடைபட்டு ஃபிலிம் அங்கே லேசாக மேலெழும்பியிருந்தது. துளைகளைச் சுத்தம் செய்து, உயரத்தை ஏறத்தாழ 2 மி.மீ. அளவில் வைத்து, அலைன்மென்ட்டை மறுபடியும் எடுத்தேன். உயரத்தையோ ஹெட் ஓடும் வேகத்தையோ மாற்றினால் பழைய அலைன்மென்ட் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பகிர்வு 2

மேலே எழுதியவர் சொன்ன ஒற்றைத் திசைச் சோதனையைச் செய்தும் எங்கள் இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. எழுத்தின் ஓரம் இரட்டையாகவும் இல்லை. அதைச் சுற்றிப் புகை படிந்ததுபோல நுண்துளிகள் சிதறியிருந்தன. அதே கோப்பைச் சாதாரணக் காகிதத்தில் அடித்தபோது சிதறல் காணப்படவில்லை. அப்படியானால் ஹெட்டையும் மையையும் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு ஃபிலிமைத்தான் பார்க்க வேண்டும்.

ஏ ஃபிலிமின், அதாவது அச்சு விழும் பசையுள்ள ஃபிலிமின், அடிப்படை பிளாஸ்டிக் என்பதால், ரோலிலிருந்து பிரியும்போதும் அதன் மேலுள்ள பாதுகாப்புத் தாளை உரிக்கும்போதும் நிலைமின்சாரம் ஏறுகிறது. பெரிய துளியை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. துளியோடு பிறக்கும் துணைத்துளிகள் எடை குறைந்தவை என்பதால் அவற்றை எளிதாக இழுத்துச் சிதறடித்துவிடுகிறது. ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டிருந்ததால் சிக்கல் கூடியிருந்தது. ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்து, இயந்திரத்தின் எர்த் இணைப்பைச் சரிபார்த்து, ஃபிலிம் வரும் வழியில் நிலைமின்சாரத்தை நீக்கும் அயனைசர் பட்டையைப் பொருத்தியதும் சிதறல் பெருமளவு குறைந்தது. எர்த் சரியாக இல்லாத இயந்திரத்தில் பட்டையை மட்டும் வாங்கி மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகிர்வு 3

என் அனுபவம் சிறியது. எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்ததற்கு இயந்திரம் காரணமே இல்லை. பசையின்மேல் முதலில் வெள்ளையும் அதற்குமேல் நிறமும் வருவதால், இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இம்மி பிசகினாலும் வெள்ளை வெளியே எட்டிப்பார்க்கும். கோப்பை அச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரிப் மென்பொருளில் வெள்ளையை ஓரிரு பிக்சல் உள்ளே சுருக்கினால் போதும். ஆனால், மிக மெல்லிய எழுத்துகளில் அதிகம் சுருக்கினால் வெள்ளையே காணாமல் போய், இருண்ட பொருளில் ஒட்டும்போது நிறம் மூழ்கிவிடும்.

பகிர்வு 1 எழுதியவரின் தொடர்ச்சி

விளக்கைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். யூவி விளக்கின் திறன் குறைவாக இருந்தால் மை உறைவதற்குள் பரவி எழுத்து தடிக்கும்; மிகுதியாக இருந்தால் துளி பரவாமல் நின்று, பரப்பு சொரசொரப்பாகிப் பட்டைகள் தெரியும். இதைவிடக் கவலைக்குரியது, பளபளப்பான ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளி ஹெட்டின் அடியைத் தாக்குவதுதான். நாசில் செக்கில் கோடுகள் விடுபடாமல், ஆனால் சாய்ந்து விழத் தொடங்கினால், துளை வாயில் மை உறைய ஆரம்பித்திருக்கலாம். அந்த நிலையில் கிளீனிங்கைத் தள்ளிப்போடக் கூடாது. விளக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள மறைப்பையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.